முயல் ஆன்டிபாடியும் கீழ்ப்பட்டையும்

ஜூன் 8, 2009, திங்கள்

காலையிலிருந்து சாரல். பஸ் தாமதம். செருப்பு வார் அறுந்தது. நாள் முழுக்க ஊக்கு குத்தியே நடை.

ஆன்டிபாடி வந்துவிட்டது. பெரிய தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஐஸ், நடுவில் சுண்டுவிரல் அளவு குப்பி. மனித நொதி ஒன்றின் துண்டை முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து பிரித்தது. அந்த நொதி எங்கே இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பிலிமில் கறுப்புப் பட்டையாகத் தெரியும்.

டி.என்.ஏ. உடைந்தால் சரிசெய்யப் போகிற நொதி. எங்கள் கடற்கரையின் கறுப்பு மணலில் கதிர்வீச்சு உண்டு. அங்கே இருப்பவர்கள் ரத்தத்தில் இந்த நொதி எப்படி இருக்கிறது என்பதுதான் சாரின் ப்ராஜெக்ட். ஒப்பிட, மலையோரம் குலசேகரத்து ரத்தம். அது ஷீபாவின் ஊர். லேபில் நாங்கள் இருவர்தான், என் ஊருக்கு நான், அவள் ஊருக்கு அவள்.

ஷீ. குப்பியைத் தூக்கிப் பார்த்து: "இத்திரிப்போல சாமானுக்கா ஏட்டி இவ்ளோ பெரிய பெட்டி?"

ஜூன் 10, புதன்

பிலிம் வந்தது. எதிர்பார்த்த இடத்தில் எல்லாருக்கும் பட்டை. எங்கள் ஊர் ரத்தத்தில் மட்டும் அதற்குக் கீழே இன்னொன்று. சின்னதாக. குலசேகரத்தில் ஒருவருக்கும் இல்லை.

சார் பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நொதி உடைந்திருக்கிறது, செல் சாவதற்கு அடையாளம் என்றார். அவருக்குச் சந்தோஷம்தான். திங்கட்கிழமை கருத்தரங்கில் காட்டப் போகிறார். பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள்.

"உங்க ஊருக்கே பேர் வரும்மா."

தலையாட்டினேன். என்ன பேர்?

ஜூன் 11, வியாழன்

வெயில். தங்கை ஜெனிஃபருக்குக் குளச்சல் சம்பந்தம் கிட்டத்தட்ட முடிவு. மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தார். அடுக்களையில் நின்று கேட்டது:

"ஒங்க ஊர்ல எல்லாருட்டயும் சோர எடுத்துட்டுப் போனாவளாமே. கேன்சருன்னு பேச்சு. பிள்ளைக்கும் எடுத்தாவளா?"

"அவளுக்கு ரெத்தம் எடுக்கல்ல," என்றாள் அம்மா. "அது சும்மா பரிசோதனையாக்கும். என் மூத்தவதான் பாக்கா. ஒண்ணும் இல்ல, கேட்டியளா." என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டீ ஆற்றினேன்.

அவர் போனபின் அம்மா சந்தைக்கு மீன் கொண்டுபோகும் பெட்டியைக் கழுவிக்கொண்டே, "இந்தப் பெட்டியிலதான் அன்னைக்கு உங்க குழாயெல்லாம் வச்சது. ஓர்ம இருக்கா? இல்லேன்னா எல்லாம் வெந்து போயிருக்கும்."

கையில் இருந்த தட்டை வைத்துவிட்டேன்.

அன்று பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் ரத்தம் எடுத்தோம். ஜீப் ரிப்பேர், அந்திக்குத்தான் வந்தது. ஐஸ் பை உருகிவிட, அம்மாதான் சந்தையிலிருந்து பெட்டியோடு ஓடிவந்தாள். பொடி ஐஸில் நேரே குத்திவைத்த குழாய்கள். குலசேகரத்தில் எடுத்ததை அங்கேயே ஆஸ்பத்திரியில் உடனே செல்களைப் பிரித்துவிட்டார்கள்.

பிரிக்காமல் வெகுநேரம் வைத்த ரத்தத்திலும் நொதி உடையும். இந்த முயல் ஆன்டிபாடி நொதியின் ஒரே இடத்தை அல்ல, பல இடங்களைப் பிடிக்கும். உடைந்த துண்டையும் விடாது.

ஜூன் 12, வெள்ளி

சாரிடம் சொல்லக் கதவு வரை போனேன். போனில் இருந்தார். திரும்பிவிட்டேன்.

ஷீ.யிடம் சொன்னேன். கேட்டு முடிக்கும் முன்பே கையை நீட்டினாள். ப்ராஜெக்ட் நர்ஸ் எடுத்தார், ஆளுக்கு இரண்டு குழாய். ஒன்று உடனே பிரிக்க. மற்றது காலையில் நான் தூக்கிவந்த அம்மாவின் பெட்டியில், சந்தை ஐஸில், அந்தி வரை. லேப் முழுக்க சாளைமீன் நாற்றம். பஸ்ஸிலும் அப்படித்தான், பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

சார் எட்டிப் பார்த்தார். "என்ன வாடை?"

ஷீ.: "சாப்பாடு சார்."

ஆன்டிபாடி இன்னும் ஒரு முறைக்குத்தான் இருக்கிறது.

உடனே பிரித்த என் குழாயிலும் கீழ்ப்பட்டை வந்தால்? வாய்விட்டுக் கேட்கவில்லை. ஷீ. மட்டும், "பேசாம இரி ஏட்டி," என்றாள்.

ஜூன் 14, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. நேற்று இரண்டு தடவை கரண்ட் போனது. ஃப்ரிட்ஜை யாரும் திறந்துவிடாமல் காவல்.

டார்க் ரூம். பிலிம் தண்ணீருக்குள். ஷீ. என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நான், உடனே: ஒரு பட்டை.
நான், பெட்டி: இரண்டு.
ஷீ., உடனே: ஒன்று.
ஷீ., பெட்டி: இரண்டு.

"பாத்தியா, நானும் கடப்புறத்துக்காரி ஆயிட்டேன்."

சிரித்தேன். பிறகு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

ஜூன் 15, திங்கள்

சார் கண்ணாடி முன்னால் டை கட்டிக்கொண்டிருந்தார். பிலிமை மேஜையில் வைத்தேன். மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. "சார், ஐஸ் பெட்டி" என்று மட்டும் வந்தது. பிறகு மெதுவாக மீதி.

பிலிமை ஜன்னலுக்கு நேரே பிடித்தார்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

பிலிமை அவர் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"பத்திரிகைக்காரங்க கீழ வந்தாச்சு, தெரியுமா?"

போகவில்லை. அங்கேயே நின்றேன்.

கடைசியில் கருத்தரங்கில் காட்டவிருந்த கீழ்ப்பட்டை ஸ்லைடை நீக்கிவிட்டார். என்னைப் பார்க்காமல், "மறுபடி எடுக்கணும். உங்க ஊர்ல குடுப்பாங்களா?"

ஜூன் 21, ஞாயிறு

மழை விட்டிருந்தது. அதே மண்டபம். நர்ஸ் தயார். பெண்கள் எல்லாம் சுவரோரம், நாற்காலிக்கு ஒருவரும் வரவில்லை. பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பது பற்றி ஃபாதரிடம் பேச வந்த குளச்சல் அத்தையும் ஓரமாக.

"முதல்ல எடுத்தது என்னாச்சு மக்கா?" சுவரோரத்திலிருந்து ஒருத்தி.

"கெட்டுப்போச்சு. எடுத்து ரொம்ப நேரம் வச்சிருந்தோம்."

யார் பெட்டி என்று சொல்லவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாளையே அந்தி வரைக்கும் இருக்காது. இவ சோரைய வச்சிருந்தாளாம்!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்போ எங்களுக்குச் சீக்கு ஒண்ணும் இல்லேல்லா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியாதுக்கா. முதல்ல பாத்தது தப்பு. அது மட்டுந்தான் தெரியும். இனி பாத்தாதான்..."

சிரிப்பு நின்றது. யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள்.

ஜெனிஃபர் எழுந்தாள். அம்மா அவள் தாவணியைப் பிடித்து இழுத்தாள். உருவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குளச்சல் அத்தைக்கு நேர் எதிரே. கையை நீட்டினாள்.

"எனக்கு எடுங்க."

ஜீப் வாசலில் நின்றது. இந்தத் தடவை ரத்தம் காத்திருக்கக் கூடாதென்று, டிரைவரை எஞ்சினை அணைக்க விடவில்லை.