தவம் அண்ணையின் கடைசிப் படம்

அன்புக்குரியவர் என்று எழுதியே பழகிவிட்ட தவம் அண்ணைக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு இங்கே நடந்தவற்றை உங்களுக்குத் தெரிவிக்கவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. இந்த முறை பனி பிந்தித்தான் விழுந்தது. பார்க் எக்ஸ்டென்ஷனில் நாங்கள் படம் போடும் அறையின் ஹீட்டர் பழையபடி இரைகிறது. திருத்தித் தருவதாகச் சொன்ன கட்டடக்காரர் இன்னும் வரவில்லை. உங்கள் பேட்டி வெளிவந்துவிட்டது. பார்க்கவேண்டியவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

இதை நான் ஊரறிய எழுதுகிறேன், நீங்கள் ஊரறியப் பேசியதால். ஆகவே நம்மைத் தெரியாதவர்களுக்கும் ஓரிரு வார்த்தை சொல்லவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மொன்றியலில் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். நான் கல்லூரியொன்றில் புள்ளிவிபரவியல் கற்பிப்பவன். சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து நாமிருவரும் பல ஆண்டுகளாக ஒரேயொரு வகைப் படத்தையே பார்த்துவந்தோம்: ஹொலிவுட்டின் பழைய ஸ்டூடியோக் காலத்துப் பெரும் இயக்குநர்கள் தங்கள் வாழ்வில் கடைசியாக எடுத்த படங்கள். அவர்களுடைய புகழ்பெற்ற படங்களைப் பார்க்க உலகமே இருந்தது. கடைசிப் படங்களைப் பார்க்க ஆளில்லை. வயது போய்விட்டது, கை தளர்ந்துவிட்டது என்று விமர்சகர்கள் தள்ளிவைத்தவை அவை. அவற்றை எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் உங்களுடையது. அதற்கு நீங்கள் சொன்ன காரணமும் உங்களுடையது.

"கடைசிப் படம் எடுக்கிற மனுசன் பேந்து ஒருத்தரிட்டையும் வேலை கேட்டுப் போகப்போறதில்லை. அதால அவன் பொய் சொல்லமாட்டான்" என்றீர்கள்.

அந்த வாக்கியத்தின் மேல்தான் நான் வீடு கட்டினேன்.

நாங்கள் முதலில் பார்த்தது நினைவிருக்கிறதா? வாழ்நாள் முழுவதும் குதிரைகளையும் அடிவானத்தையும் படமெடுத்த ஒருவர், கடைசியில் மதிலுக்குள் சில பெண்களை வைத்து எடுத்த படம். முடிந்ததும் கனகு அண்ணை எழும்பி ஜக்கெற்றை மாட்டிக்கொண்டார். பலசரக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், ஏமாற்றத்தை மறைக்கவில்லை.

"என்ன தவம், மலையையும் காணேல்லை, வெளியையும் காணேல்லை. மனுசன் வீட்டுக்குள்ளையே இருந்து எடுத்துப்போட்டார்போல."

"வெளி இல்லாமலும் தன்னால ஏலும் எண்டு காட்ட அவருக்கு எழுபது வயசு வேண்டியிருந்திருக்கு. இருங்கோ கனகு, இன்னொருக்கா முதலிலயிருந்து பாப்பம்."

"ஐயோ, என்னை விடுங்கோ. மனிசி தேடும்."

அவர் போய்விட்டார். நாமிருவரும் மீண்டும் முதலிலிருந்து பார்த்தோம். நீங்கள் நிறுத்தி நிறுத்தி விளக்கினீர்கள். அந்தக் குரலில் ஐயத்தின் நிழல்கூட இருக்கவில்லை. இருந்ததா, அண்ணை? நான் கவனிக்காமல் விட்டேனா?

பிறகு, உலகத்தையே பயமுறுத்திப் பெயரெடுத்தவர் கடைசியில் எடுத்த விளையாட்டுப் படம். அதன் முடிவில் ஒரு பெண் கமெராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள். பிறகு, மூக்கில் ஒட்சிசன் குழாயோடு சக்கர நாற்காலியிலிருந்து இயக்கியவரின் படம்: ஒரு விருந்து, ஒரு பாட்டு, வெளியே பனி. அன்று படம் முடிந்து நாங்கள் தெருவில் இறங்கியபோது இங்கேயும் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பார்க் மெத்ரோ நிலையம் வரையில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. படியில் நின்று, "இனி எங்களுக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்லை, தம்பி" என்றீர்கள். அந்த மௌனத்தை வைத்து நான் ஒரு முழுக் கட்டுரை எழுதினேன்.

அப்படி எழுதிய கட்டுரைகள்தான் நூலாயின. முன்னுரை உங்களுடையது. "நான் பேச்சில் விட்டதை இவர் எழுத்தில் நிறுத்தியிருக்கிறார்" என்று எழுதித் தந்தீர்கள். அந்த வரியை நான் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் என்பதை நினைக்க இப்போது உடல் கூசுகிறது.

இனிப் பேட்டிக்கு வருகிறேன். ரொறன்ரோவிலிருந்து இணையத் தொலைக்காட்சி நடத்தும் ஓர் இளைஞர் கர்க்லாண்டில் உங்கள் மகள் நிவேதாவின் வீட்டுக்கே வந்து எடுத்தது. நீங்கள் வெள்ளைச் சேர்ட் போட்டிருக்கிறீர்கள். மூக்கில் குழாய். வெளிச்சம் ஜன்னலிலிருந்து சரியாக விழுகிறது. நாடகம், நீதிமன்றம், புலம்பெயர் வாழ்க்கை என்று நன்றாகத்தான் போகிறது. பிறகு அவர் கடைசிப் படங்களைப் பற்றிக் கேட்கிறார்.

"உண்மையைச் சொன்னால் தம்பி, அதில முக்கால்வாசி குப்பை" என்கிறீர்கள். "கிழவங்கள் களைச்சுப்போய் எடுத்தது. எனக்குப் பாவமாய்க் கிடந்தது, நல்லம் எண்டு சொல்லிப்போட்டன். இஞ்ச ஒருத்தன் அதை நம்பிப் புத்தகமே எழுதிப்போட்டான்."

இளைஞர் சிரிக்கிறார். சிரிப்பைக் கண்டதும் உங்கள் முகம் மலர்கிறது. அதுதான் என்னால் மறக்க முடியாத இடம்.

"முன்னுரையும் கேட்டான். என்ன செய்யிறது, வீட்டு வாசலில வந்து நிக்கிறவனை."

நான் உங்கள் வாசலில் வந்து நின்றவன், அண்ணை. ஓம், உண்மைதான். அந்தப் பேட்டி எடுத்த அன்றும் வந்து நின்றேன். பஸ் மாறி, மழையில் நனைந்து வந்தேன். அதே வெள்ளைச் சேர்ட்டோடு கதிரையில் இருந்தீர்கள். "என்னண்ணை, வெளிக்கிட்டு இருக்கிறியள்?" என்று கேட்டேன். "சும்மா, ஆரோ வருவினமாம்" என்றீர்கள். அடுத்த சனிக்கிழமை எந்தப் படம் போடலாம் என்று அரை மணித்தியாலம் கதைத்தோம். பகிடிப் படங்களின் மன்னர் ஒருவர் கடைசியாக எடுத்து, ஒருவரும் சிரிக்காத அந்தப் படத்தை நீங்கள்தான் தெரிவுசெய்தீர்கள். "அதுக்குள்ள ஒரு கசப்பு இருக்கு, பார்" என்றீர்கள். நான் தலையாட்டினேன். நான் வெளியே இறங்கிப் போக, கமெராக்காரர் உள்ளே வந்திருக்கவேண்டும்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை? குப்பை என்றால் குப்பை என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே. நான் வாதிட்டிருப்பேன். தோற்றுமிருப்பேன். உங்களிடம் தோற்பது எனக்குப் புதிதா?

மனைவி சாந்தி உங்களுக்காகப் பரிந்துதான் பேசுகிறாள். "அந்த மனுசன் ஏலாமல் கிடந்து கதைச்சது. விடுங்கோவன்" என்றாள். நான் விடவில்லை. மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிசகினால் ஓர் அகதியின் வழக்கே விழுந்துவிடும் என்று எனக்குச் சொன்னவர் நீங்கள். உங்கள் வாயிலிருந்து 'குப்பை' என்ற சொல் தவறி விழாது. பிறகு அவள், "அந்தப் படத்தில அந்தப் பெட்டை கண்ணடிச்சமாதிரி இவரும் பகிடிக்குச் சொல்லியிருப்பார்" என்றாள். அதற்காகவும் பேட்டியை இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன், அண்ணை. நீங்கள் கண்ணடிக்கவில்லை.

கனகு அண்ணையின் கடைக்கு மரக்கறி வாங்கப் போனேன். காசு வாங்கும் இடத்தில் நின்றுகொண்டே கேட்டார்: "என்ன மாஸ்டர், கிழவங்களின்ர படம் இந்தக் கிழமையும் இருக்கோ?" பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இருக்கு, வாங்கோ என்றேன். "நான் அண்டைக்கே தவத்துக்குச் சொன்னனான்" என்றார் அவர். அவருக்கு வெற்றி. அதை நீங்கள் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

பிறகு நான் ஒரு வேலை செய்தேன். உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம் என்று எண்ணி, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தனியே போட்டுப் பார்த்தேன். குப்பையைத் தேடித்தான் பார்த்தேன். கிடைக்காமலில்லை. காருக்குப் பின்னால் ஓடும் தெரு திரையில் ஓட்டிய வெறும் படம்தான் என்று பளிச்சென்று தெரிகிறது. முதிய நடிகர்கள் இளைஞரைப் போல ஓடி மூச்சு வாங்குகிறார்கள். முன்பு அதையெல்லாம் துணிச்சல் என்றோம். இப்போது பார்த்தால் களைப்பும் தெரிகிறது. ஆனால் களைப்பைக் கடந்து, ஒவ்வொரு படத்திலும் ஓரிடத்தில் அந்தக் கிழவர்கள் எதையோ விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அது எனக்கு இன்னும் தெரிகிறது. நீங்கள் காட்டாமலே தெரிகிறது. இதை முதலில் கண்டவர் நீங்களா, நானா? இனி யாரிடம் கேட்பது?

இன்னொரு சிக்கலும் உண்டு, அது என் தொழிலுக்குரியது. கடைசிச் சொல்லே உண்மைச் சொல் என்றால் உங்கள் பேட்டி உண்மை. பேட்டி உண்மையென்றால் கடைசிப் படங்கள் குப்பை. அவை குப்பையென்றால் கடைசிச் சொல்லுக்கென்று ஒரு தனி மதிப்பும் இல்லை. உங்கள் பேட்டிக்கும் இல்லை. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவர்கள் ரசிப்பார்கள். எனக்கு நீங்கள் விட்டுச்சென்றது இது மட்டும்தான்.

போன கிழமை நிவேதா தொலைபேசியில் அழைத்தாள். நம் அறையிலேயே உங்களுக்கு நினைவுக்கூட்டம் வைக்கவேண்டும், அந்தப் பேட்டியைத் திரையில் போடவேண்டும், நான்தான் தலைமை தாங்கவேண்டும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"சித்தப்பா, அந்தப் படங்களைப் பற்றிக் கதைக்கிற துண்டை நான் வெட்டிவிடட்டோ? என்ர மகன் கொம்பியூட்டரில செய்வான். ஒருத்தருக்கும் விளங்காது."

"அப்பா அதை எப்ப வெளியிடச் சொன்னவர், பிள்ளை?"

"தான் போனாப்பிறகு போடச் சொன்னவர்" என்றாள்.

ஆக, நீங்கள் திட்டமிட்டிருக்கிறீர்கள். நான் பதில் சொல்ல முடியாத நேரத்தைப் பார்த்துத் தெரிவுசெய்திருக்கிறீர்கள். கோபத்தில் வாய் தவறியது, மருந்தின் மயக்கம் என்று நான் வைத்திருந்த கடைசிச் சாக்கையும் உங்கள் மகள் தெரியாமலே எடுத்துவிட்டாள்.

"வெட்டவேண்டாம்" என்றேன்.

"உங்களுக்குத்தானே அவமானம், சித்தப்பா."

"ஓம், எனக்குத்தான். ஆனாலும் வெட்டவேண்டாம். சிரிப்புச் சத்தத்தையும் குறைக்கவேண்டாம்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இயக்குநர் ஒருவர் முடித்துவைத்த படத்தில் அவர் இல்லாத நேரம் பார்த்து ஸ்டூடியோக்காரர் கத்தரி வைத்த கதைகளை நாமிருவரும் எத்தனை முறை பேசிப் பேசிக் கொதித்திருப்போம். அந்தக் கொதிப்பாவது உண்மை என்று நம்புகிறேன். நீங்கள் உங்கள் படத்தை முடித்துவிட்டுப் போனீர்கள். அதில் கைவைக்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு: படம் முடிந்து விளக்குப் போட்டதும் ஒருவர் எழுந்து அதைப் பற்றிப் பேசவேண்டும். இத்தனை காலமும் நீங்கள் பேசினீர்கள். அன்று நான் பேசுவேன்.

வாக்குத் தருகிறேன், அண்ணை. பொய்யாகப் புகழமாட்டேன். பழிவாங்கவும் மாட்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, குரல் தெளிவாக இருக்கிறது என்று சொல்வேன். நடுவில் ஓரிடத்தில் இயக்குநர் பயந்துவிட்டார் என்று சொல்வேன். தன்னை விட இளையவர் ஒருவர் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவாரோ என்று பயந்து, முந்திக்கொண்டு இன்னொருவரைக் காட்டிச் சிரிக்கவைத்தார் என்று சொல்வேன். உங்கள் மகளும் கனகு அண்ணையும் கேட்டுக்கொண்டிருக்க, நாம் பார்த்த கடைசிப் படங்கள் எல்லாவற்றிலும் இதுதான் பலவீனமானது என்று சொல்லிவிட்டு அமர்வேன். நூல் மறுபதிப்பு வந்தால் உங்கள் முன்னுரை அப்படியே இருக்கும். அதிலும் ஒரு சொல் வெட்டமாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, நீங்கள் தெரிவுசெய்தும் போடாமலே போன அந்த ஒருவரும் சிரிக்காத படத்தைப் போடுகிறேன். யார் வந்தாலும், வராவிட்டாலும்.

உங்களை மன்னிக்காத,
ஆயினும் வேறு முறை சொல்லி அழைக்கத் தெரியாத
உங்கள் தம்பி,
சிவநேசன்