திமிங்கலம் பார்க்கப் போன மதினிக்கு

மதினி,

உங்கள் மழைக்கோட்டு நாறுகிறது. இன்று காலையில் பரணிலிருந்து காலண்டர் அட்டைக் கட்டை இறக்கும்போது அதுவும் கூடவே என் தலையில் வந்து விழுந்தது. மடிப்பைப் பிரித்ததுதான் தாமதம், டீசலும் உப்பும் மீன் கவிச்சியுமாக வீடு முழுக்கப் பரவிவிட்டது. வெடிமருந்து வாசமும் அச்சு மை வாசமும் அடிக்கிற சிவகாசியில் நம் வீட்டில் மட்டும் மீன்பிடித் துறைமுகம். துவைத்து வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். "அடுத்த தடவ போறப்ப எப்படியும் நனையத்தான போகுது, இப்ப எதுக்குத் துவைக்க?" என்றீர்கள். என்னைக் கட்டிய உங்கள் தம்பி அதைத் துவைக்கவும் விடமாட்டேன் என்கிறார், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. மொட்டைமாடிக் கொடியில் போட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பூனை அதன் அடியை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

மற்ற வீடுகளில் நாத்தனாரோடு நகைக்கும் சீருக்கும் சண்டை வரும். நமக்குத் திமிங்கலத்தால் வந்தது. இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்?

உங்களுக்குப் பட்டாசு ஆபீசில் பெட்டி அடைக்கிற வேலை. தீபாவளி முடிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள், போனஸ் வந்திருக்கும், ஷெட்டில் வேலை பார்க்கிற பெண்களெல்லாம் சேர்ந்து டூர் கிளம்பிவிடுவீர்கள். எனக்கு அச்சாபீஸ். உங்களுக்கு லீவு விடுகிற அதே நாளில்தான் எங்களுக்குக் காலண்டர் வேலை கழுத்தைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட மிஷின் ஓடும். அது உங்களுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வருடா வருடம் பைண்டிங் செக்‌ஷன் வாசலில் வந்து நிற்பீர்கள்.

"ஏ மாரி, வேன் பேசிட்டேன். ஞாயித்துக்கெழம கெளம்புறோம்."

"மதினி, லோடு நிக்குது. இப்பப் போய் லீவு கேட்டா மேனேஜர் கத்துவாரு."

"கத்தட்டும். அவரு கத்துறதத்தான் நெதம் கேக்குறியே."

சொன்ன கையோடு மேனேஜரிடமே போய், "ஒரு நாளைக்கு எங்க மாரிய விடுங்க, திமிங்கலம் பாத்துட்டு வந்துருதோம்" என்று சொல்லிவிடுவீர்கள். அந்த மனிதரும் தலையாட்டிவிடுவார். நீங்கள் போன பிறகு அந்த வாரம் முழுக்க செக்‌ஷனில் எனக்குத் திமிங்கலம் என்றுதான் பெயர்.

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். அன்று நானும்தான் இருந்தேன். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டுக் கடலோரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஓர் ஊரில் கரை நிறையக் கூட்டம். என்னவென்று இறங்கிப் பார்த்தால், கவிழ்த்துப் போட்ட பெரிய வள்ளம் மாதிரி ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கிக் கிடக்கிறது. வயிற்றில் உழுதுபோட்ட மாதிரி வரிவரியாகக் கோடுகள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நாலைந்து பையன்கள் அதன் முதுகில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மணலில் ஓடினீர்கள்.

"எறங்குங்கலே. ஒங்க வீட்டுல ஒருத்தர் செத்துக் கெடந்தா இப்பிடித்தான் மேல ஏறி நின்னு படம் புடிப்பீகளாலே?"

அவர்கள் முதலில் சிரித்தார்கள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு ஒவ்வொருவனாக இறங்கினான். நீங்கள் தலைப்பக்கம் போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் கண்ணின் மேல் போட்டீர்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் கண். உங்கள் துண்டு போதுமாக இருந்தது.

நம்மோடு வந்தவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு வருகிற வழியில் இது என்ன தீட்டு என்று முணுமுணுத்தார்கள். நான் முணுமுணுக்கவில்லை. விஸ்வநத்தம் பக்கத்தில் வெடிவிபத்தில் உங்கள் வீட்டு அண்ணன் போன அன்று, ஆஸ்பத்திரிக்கு நாம் போய்ச் சேருவதற்கு முன்பே, எவனோ போர்வையை விலக்கி எடுத்த படம் செல்போன் செல்போனாகச் சுற்றி உங்கள் கைக்கும் வந்துவிட்டது. தாலி கட்டின புருசன் செத்துக் கிடந்ததை நீங்கள் முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். அதைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் வேனில் ஏறியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள்.

"செத்ததப் பாத்தது போதும் மாரி. உசுரோட ஒண்ணு பாக்கணும்."

சரி, பாவம், வருத்தத்தில் சொல்கிறீர்கள் என்று நானும் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே.

மண்டபத்துப் பக்கம் தீவுகளைச் சுற்றிக் காட்டுகிற அந்தோணியின் படகை எங்கே பிடித்தீர்களோ தெரியாது. முதல் தடவை போனபோதே அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார். "அக்கா, திமிங்கலம் ஆழக்கடல்ல போறது. எப்பவாச்சும் ஒண்ணு இந்தப் பக்கம் வழிதவறி வரும். இங்கன ஆமை இருக்கு, ஓங்கில் இருக்கு, பவளப்பாறை இருக்கு. அத வேணும்னா காட்டுதேன்."

"வழிதவறி வர்றத நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க போட்ட எடுங்க."

அன்று ஓங்கில் கூட்டமே வந்தது. டால்பின் என்று டிவியில் பார்த்ததுதான், நேரில் படகுக்கு இரண்டு பக்கமும் வளைந்து வளைந்து கூடவே வந்தபோது எனக்குச் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. ஷெட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டி அடைக்கிற பேச்சியம்மா கைதட்டிக் கைதட்டிச் சிரித்தாள். நீங்கள் மட்டும், பெண் பார்க்க வந்த இடத்தில் தங்கச்சியைக் காட்டிவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஓங்கில்ல" என்றீர்கள். ஒரு மனுசியைச் சந்தோசமாக இருக்க விடுகிறீர்களா?

அடுத்த வருடம் மழை. வருடம் தவறாமல் அந்தோணியோடு வாக்குவாதம். அவர் கொடுக்கிற ஆரஞ்சு மிதவைச் சட்டையை மழைக்கோட்டுக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று கரையிலேயே தகராறு. கடலில் போனால் இந்தப் பக்கம் திருப்புங்கள், அந்தப் பக்கம் திருப்புங்கள், இன்ஜினை நிறுத்துங்கள், சத்தத்துக்கு அது வராது. நிறுத்தினால் படகு ஆடும். ஆடினால் எனக்குக் குமட்டும். "மூக்கால மூச்ச இழு, சரியாப் போகும்" என்பீர்கள். ஒரு தடவையும் சரியாய்ப் போனதில்லை.

போன வருடத்துக்கு வருகிறேன். அதை நினைத்தால்தான் இன்னும் ஆற்றாமை.

முந்தின நாள் விருதுநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், வரும்போது பொரித்த புரோட்டா பார்சல் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மறுநாள் படகில் ஏறி உட்கார்ந்ததும் அதைப் பிரித்தீர்கள். எண்ணெய் இலையைத் தாண்டிச் சொட்டுகிறது.

"மதினி, எனக்கு வேண்டாம். சேராது."

"வெறும் வயித்தோட கடல்ல போகக் கூடாது. அதனாலதான் ஒனக்கு வருசா வருசம் கொமட்டுது. சாப்பிடு."

"வேண்டாம்னா விடுங்களேன்."

"பேச்சி, அவ வாயத் தொற."

தின்றேன். உங்கள் தொல்லைக்காகத் தின்றேன். தீவைத் தாண்டி அந்தோணி இன்ஜினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் எல்லாம் மேலே வந்தது. படகின் இடது ஓரத்தில் குனிந்தவள் நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர், காதில் இரைச்சல், எதிரில் பச்சைத் தண்ணீர் ஒரு முழம். அந்த நேரத்தில்தான் மதினி, எல்லா வருடத்தையும் விட்டுவிட்டு அந்த நேரத்தில்தான், வலது பக்கம் அது வந்தது.

எனக்குக் கேட்டது ஒரு சத்தம். பெரிய லாரியின் ஏர் பிரேக்கைப் பிடித்து விட்ட மாதிரி ஒரு நீண்ட சீறல். நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து திரும்பியபோது கடல் மேல் எண்ணெய் தடவினது போல ஒரு வட்டம் வழவழவென்று பரவிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். திரும்ப எழவில்லை.

ஒருத்தியாவது படம் எடுத்தாளா? இல்லை. சோறு தின்கிறதைக்கூட எடுக்கிறவர்கள், அன்று எல்லோரும் போனை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்திருக்கிறார்கள். கரைக்கு வந்த பிறகு பேச்சியம்மா பஸ் நீளம் என்றாள். இன்னொருத்தி, பஸ் எங்கே, ரெண்டு வேன் சேர்ந்தாற்போல என்றாள். அந்தோணி, நான் இத்தனை வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ராமநாதபுரம் வரைக்கும் வேனில் ஒரே சண்டை, அது கறுப்பா சாம்பலா என்று. பார்க்காதவள் நான் ஒருத்திதான், எல்லோரும் என்னிடம்தான் தீர்ப்புக் கேட்டார்கள்.

நீங்கள் ஜன்னலோரம் பேசாமல் இருந்தீர்கள். சிவகாசியில் ஏறினால் திரும்பி இறங்குகிறவரை வாய் மூடாத ஆள். எனக்குப் பயமே வந்துவிட்டது.

"மதினி, எப்பிடி இருந்துச்சு? நீங்களாவது சொல்லுங்களேன்."

வெளியே பார்த்தபடியே சொன்னீர்கள். "மூச்சு விட்டுச்சு மாரி."

"அது சரி. பாக்க எப்பிடி இருந்துச்சு?"

"மூச்சு விட்டுச்சு. அம்புட்டுத்தான்."

அப்புறம் எத்தனை தடவை கேட்டிருப்பேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது கேட்டேன். சூலக்கரைக் கலெக்டர் ஆபீசுக்கு உங்களை மனு கொடுக்கக் கூட்டிக்கொண்டு போன அன்று, வரிசையில் நின்றபடி வேறு வேலையில்லாமல் கேட்டேன். ஒரு பட்டாசுப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று கேட்டால் ஒவ்வொன்றாகச் சொல்வீர்கள், திமிங்கலத்தைக் கேட்டால் அதே ஒரு வரி. சரி, இந்தத் தீபாவளி லீவில் சாவகாசமாக உட்கார வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

அதுவரை இருந்தீர்களா? சீசன் சூடு பிடித்திருந்த நேரம். ஊரில் இத்தனை விபத்துக்கும் தப்பித்த மனுசி, ஒரு மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேச்சியம்மா மேல் சாய்ந்தீர்களாம். நான் அச்சாபீசிலிருந்து ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் தம்பி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு போன் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும், "யாரும் படம் எடுக்காதீக, யாரும் எடுக்காதீக" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். யாரும் எடுக்கவில்லை. அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஒருவர்கூட எடுக்கவில்லை.

தீபாவளி போனது. பேச்சியம்மா என் செக்‌ஷன் வாசலில் வந்து நின்றாள்.

"ஒன் மதினி இல்லன்னு நின்னுறக் கூடாது. வேன் பேசிட்டோம். நீ வா."

"ஒங்களுக்கெல்லாம் வேற ஊரே கெடைக்காதா? குத்தாலம் போங்களேன், கொடைக்கானல் போங்களேன்" என்று கத்தினேன். கத்திவிட்டு, நானே போய் மேனேஜர் முன்னால் நின்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "திமிங்கலந்தானம்மா? போயிட்டு வாங்க" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை போனோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர வாயில் எதுவும் வைக்கவில்லை, மாத்திரையும் போட்டுக்கொண்டேன். குமட்டல் இல்லை. தீவைத் தாண்டியதும் யாரும் சொல்லாமலே அந்தோணி இன்ஜினை நிறுத்தினார். "அக்கா இங்கனதான் பாத்தாக" என்றார். கடல் குளம் மாதிரி கிடந்தது. நான் உட்காரவே இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆமை தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. தூரத்தில் இரண்டு ஓங்கில். பேச்சியம்மா தூங்கிவிட்டாள். வெயில் ஏறியது. வேறு ஒன்றும் வரவில்லை மதினி, ஒன்றுமே வரவில்லை. அப்போது உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் போதாது. சொல்லிவிட்டுப் போவதற்கு உங்களுக்கு ஒரு வருடம் இருந்ததே.

அந்தோணி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார். "நீங்க அன்னைக்கு ஒண்ணுமே பாக்கலையாக்கா?"

"இல்ல" என்றேன். கிளம்பச் சொன்னேன்.

அது முழு உண்மை இல்லை. அன்று நான் குனிந்து வாந்தி எடுத்தபோது நீங்கள் என் பின்னால் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். தடவிக்கொண்டே திட்டிக்கொண்டும் இருந்தீர்கள். அந்தச் சீறல் கேட்டதும் திட்டு பாதியில் நின்றது, கையும் நின்றது. என்னை நிமிர்த்தவில்லை, கூப்பிடவில்லை, கையை எடுக்கவும் இல்லை. உள்ளங்கை என் முதுகில் அப்படியே அழுந்தியது, கனமாக, மேலும் கனமாக. பிறகு உங்கள் நெஞ்சுக்குள் நின்றிருந்த மூச்சு மெதுவாக வெளியே வருவது அந்தக் கை வழியாக எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் கை மறுபடியும் தடவ ஆரம்பித்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் தம்பியிடம்கூட.

மாரி