தண்ணீர் அள்ளும் பிள்ளையின் படத்தை மாற்றக் கோருதல்

அனுப்புநர்:
மாடத்தி, க/பெ. (லேட்) இசக்கிதுரை,
காயலோர வரிசை வீடு, பஜார் பின்புறம்,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
செயற்கைக் கடற்கரைத் திட்ட அலுவலகம்,
கொச்சி.

பொருள்: மணல் கடற்கரை வாசல் பலகையிலுள்ள படத்தை மாற்ற வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ஐந்தாவது வரை தமிழில் படித்ததை வைத்து எழுதுகிறேன். நாங்கள் இன்னார் என்று தெரிந்துகொண்டு மேலே வாசிக்க வேண்டும். என் மூத்த பேரன் வீரபாண்டி வெல்டிங் படித்து அபுதாபியில் வேலையாக இருக்கிறான். அவன் தங்கை சுபாஷிணி நர்சிங் கடைசி வருடம், வகுப்பில் இரண்டாவது. சின்னவள் ஸ்நேஹா மூன்றாம் வகுப்பு; பள்ளிக் கலைவிழாவான கலோற்சவத்தில் தமிழ்ப் பாட்டு ஒப்பித்து ஏ கிரேடு வாங்கியவள். தங்கள் பலகையில் இரண்டு கையிலும் தண்ணீர் அள்ளிக்கொண்டு சிரிப்பது அவள்தான். வந்தவர் போனவரையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டினேன்.

1. தாங்கள் மணல் கொட்டிய இடத்தில் முன்பு சேறும், சேற்றில் முளைக்கும் கண்டல் செடியும் இருந்தன. அழகில்லை, நாற்றமும் உண்டு. பஜார் சாக்கடை அங்கேதான் காயலில் விழும். ஆனால் சாக்கடை என்று கண்ணுக்குத் தெரிந்ததால் பிள்ளைகள் இறங்கமாட்டார்கள். நண்டும் மீன்குஞ்சும் செடி வேரில் கிடந்தன. செடியை வெட்டி, சாக்கடையைக் குழாயில் அடைத்து, மேலே லாரி லாரியாக மணல் கொட்டினீர்கள். சாக்கடை எங்கும் போய்விடவில்லை. மணலுக்கு அடியில் இருக்கிறது.

2. நாங்கள் திசையன்விளைப் பக்கம். எங்கள் ஊரில் மணலில் குழி பறித்தால் ஊற்று வரும். முதலில் ஊறுவதை இறைத்துவிட்டு, தெளிந்ததும் அள்ளிக் குடிப்போம். கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோது ஸ்நேஹாவுக்கும் பழக்கியிருந்தோம். மணலில் ஊறும் தண்ணீர் சுத்தம் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது.

3. திறப்பு விழா அன்று அவள் அங்கே ஊற்றுத் தோண்டினாள். தண்ணீரும் தெளிவாகத்தான் வந்தது. தங்கள் படக்காரர் ஓடிவந்து, "ஒண்ணுகூடி அள்ளு மோளே, ஒண்ணுகூடி" என்று இன்னொரு தடவை, இன்னொரு தடவை அள்ளச் சொல்லிச் சொல்லி எடுத்தார். அள்ளியதை ஒவ்வொரு தடவையும் குடித்தாள். குடிதண்ணீரைக் கீழே கொட்டினால் எங்கள் வீட்டில் ஏச்சு விழும்.

4. பிறகு மஞ்சள் காமாலை. பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். ஈரல் கெட்டிருக்கிறது, பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சுபாஷிணியிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள். படித்தவள், தெரியாமல் மாற்றமாட்டாள். சின்னவளுக்கு இப்போது பாட்டின் இரண்டாவது அடியிலேயே மூச்சு வாங்குகிறது.

5. தங்கள் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். குழாய் உடைந்திருப்பது அவருக்கும் தெரியும். "மணல் முழுசும் வாரினாத்தான் குழாயைத் தொட முடியும் அம்மச்சி, அது நடக்கிற காரியமா?" என்றார். மழைக்காலத்தில் காயல் மணலை இழுத்துப் போகிறது, மறுபடி லாரி வருகிறது. முன்பு கொடுத்த மனுக்களுக்கு ரசீது மட்டும் கிடைத்தது. ஆகையால் மணலை வாருங்கள் என்று இதில் கேட்கவில்லை.

6. ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் பிள்ளைகள் பலகையைப் பார்த்து, அதே போலக் குழி பறித்து, அதே போல அள்ளி நிற்கிறார்கள். தாய் தகப்பன் போனில் படம் எடுக்கிறார்கள். நான் தடுத்தால் காவலாளி, "அம்மச்சி, சும்மா வீட்டுக்குப் போ" என்கிறார். என் பேச்சு அந்தப் படத்துக்கு முன்னால் நிற்கவில்லை.

ஆகவே ஐயா அவர்கள் பழைய படத்தை எடுத்துவிட்டு, இத்துடன் வைத்துள்ள புதிய படத்தை அதே அளவில் ஒட்ட வேண்டுகிறேன். அதே கவுன்தான் போட்டிருக்கிறாள், தோளில் நிற்கவில்லை. பெயர் போட வேண்டாம். பலகைக்கு என்று சொன்னதும், தலை சீவிவிடச் சொல்லி, இதிலும் சிரித்துவிட்டாள். சிரிக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்து வேறு பிள்ளைகள் ஏமாறாதபடி, அவள் கண்ணின் மஞ்சள் தூரத்திலிருந்தே தெரியுமாறு, கலரில் ஒட்டித் தரவும்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 18.02.2025

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
மாடத்தி

இணைப்பு: புகைப்படம் ஒன்று. திருப்பித் தர வேண்டாம்.