அம்மா நெற்றியில் சாம்பல்

8 மார்ச் 2000, புதன். வரதராஜன்பேட்டை.

லீவில் வந்திருக்கிறேன். சாயங்காலம் அம்மாவோடு விபூதி புதன் பூசைக்குப் போனேன். சாமியார் எல்லார் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "முட்டி போட்டதுல காலு விண்ணுவிண்ணுங்குது பாப்பா. ஒரு வலி மாத்திரை குடு" என்றாள்.

அவள் நெற்றியைப் பார்த்தேன். "இப்பதானேம்மா குடுத்தாச்சு. உடனே மறுபடியும் தரக்கூடாது."

"எப்ப குடுத்த? கோயில்லயா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருஷம் கார்கில் சண்டையப்போ மிலிட்டரி ஆஸ்பத்திரி வார்டில் பிடித்த பழக்கம். அடிபட்டு வந்தவனுக்கு வலிக்கு ஊசி போட்டதும் நெற்றியில் பேனாவால் குறி போடுவோம். அடுத்த டூட்டி நர்ஸ் தெரியாமல் இன்னொன்று போட்டுவிடக் கூடாது. ஒருத்தன் முகமும் ஞாபகமில்லை. நெற்றியைத்தான் பார்ப்பேன்.

மாத்திரை கொடுத்தேன். சாம்பலைக் கழுவாமலே தூங்கிவிட்டாள். தலையணை உறையில் ஒட்டுமே என்று ஈரத்துணியோடு பக்கத்தில் போனேன். கை நின்றுவிட்டது.

அங்கே அந்தக் குறியை நாங்கள் துடைப்பது, ஆள் செத்த பிறகுதான்.

உறை அழுக்கானால் ஆகட்டும்.