தண்ணி படக் கூடாது

ஜூலை 5, சனி

காலையிலிருந்து தூறல். நேற்று இரண்டு கண்ணிலும் லேசர். இன்று பரிசோதனை. கடைசி வரி வரை படித்தேன். டாக்டரம்மாவுக்கே சந்தோஷம். மூன்றாம் வகுப்பிலிருந்து மூக்கில் உட்கார்ந்திருந்த கண்ணாடி இனி இல்லை.

திரும்பும்போது கேப் டிரைவர், "பாரிஷ் மே காலா சஷ்மா கைக்கு மேடம்? ஹீரோயின் ஹை க்யா?"

"என்னட்டி சொல்லுதான்?" என்றாள் அம்மா.

மழையில் எதற்குக் கறுப்புக் கண்ணாடி, நடிகையா என்கிறான் என்றேன்.

"ஆமா, நடிகைதான். சொன்ன பேச்சு கேக்காத நடிகை."

இதற்காகவே திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறாள். ஆறு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று சொன்னவள். "கண்ணாடி போட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் விழித்ததும் எதிர் அலமாரியில் இருக்கும் புத்தகங்களின் பெயர் தெரிய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஆஸ்பத்திரி தந்த தாள், இங்கிலீஷில்: சொட்டு மருந்து இரண்டு வகை, நடுவில் ஐந்து நிமிடம். தூங்கும்போது பிளாஸ்டிக் மூடி. கண்ணைக் கசக்கவோ துடைக்கவோ கூடாது. தண்ணீர் படக் கூடாது. சோப்பு, புகை, தூசி கூடாது. இத்தனையையும் அம்மாவுக்குச் சுருக்கமாகச் சொன்னேன்: "தண்ணி படக் கூடாதும்மா."

மதியம் தூங்கினேன். பாதித் தூக்கத்தில் யாரோ மூடியை எடுத்து, இமையிலிருந்து கன்னம் வரை துடைத்தாற்போல. முந்தானை வாசனை. பவுடர், கொஞ்சம் பெருங்காயம். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருந்த மாதிரி இருந்தது. சுகமாக. திரும்பவும் தூங்கிப்போனேன்.

ஜூலை 6, ஞாயிறு

இ.க. (இடது கண்) உறுத்துகிறது. மணல் விழுந்த மாதிரி. வ.க. நன்றாக இருக்கிறது.

அம்மா இட்லி ஊற்றிக்கொண்டே: "நேத்து தூங்கையில தண்ணியா வடிஞ்சுது. நீ படக் கூடாதுன்னியேன்னு தொடச்சு விட்டேன்."

கேட்டேன். அதையும் உறுத்தலையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்கு போன். ஞாயிறு என்பதால் ஒரு பெண் மட்டும். நொப்பி உந்தா என்றாள் தெலுங்கில், வலி இருக்கிறதா என்று. வலி என்று சொல்ல முடியாது. லேது, இல்லை என்றேன். கொஞ்சம் உறுத்துது என்பதை எப்படிச் சொல்வது? "லிட்டில் இரிட்டேஷன்."

"காமன் மேடம். டிராப்ஸ் வேஸ்கோண்டி."

சொட்டு மருந்தைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள். வேஸ்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். பதினோராவது மாடிக்கும் தூசி வருகிறது. எதிரே இன்னொரு கட்டடம் எழும்புகிறது.

அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்து மாட்டிய தினசரிக் காலண்டர்தான் என் பரிசோதனை அட்டை. வ.க.வை மூடிக்கொண்டு படித்தால் மெய்யெழுத்துக்கு எல்லாம் இரண்டு புள்ளி. ஒன்று கறுப்பு, மேலே சாய்ந்து ஒன்று சாம்பல். இரண்டு புள்ளி வைத்த மெய்யெழுத்து தமிழில் கிடையாது. சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதான் ஒரு வாரப் பரிசோதனை. அதுவரை பொறுக்கலாம். சும்மா போய் நின்று அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

412ஆம் பக்கத்தில் நிற்கும் தடி மொழிபெயர்ப்பு நாவலை அம்மா எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். அந்த நாட்டுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. "இவன் பேர நான் சுப்பையான்னே படிக்கேன். ஒனக்கு என்ன இப்ப?" பனியில் குதிரை வண்டி ஏறிப் போகிறான் சுப்பையா.

ஜூலை 11, வெள்ளி

பெரிய எழுத்தில், வரி விட்டு வரி எழுதுகிறேன்.

கருவிழியின் மேல் மெல்லிசாக ஒரு மடல் வெட்டித் திறந்து, லேசர் வைத்து, திரும்ப மூடுவார்கள். இ.க.வில் அது நகர்ந்திருக்கிறது. சுருக்கம் விழுந்துவிட்டது. அவசரமாக இஸ்திரி போட்ட சட்டை மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டரம்மா தெலுங்கும் இங்கிலீஷுமாக: எப்போதிருந்து? ஞாயிறு காலையிலிருந்து. ஏன் அன்றே வரவில்லை? போன் செய்தேன். கம்ப்யூட்டரில் பார்த்தார். லேசான எரிச்சல், வலி இல்லை என்று பதிவாகியிருக்கிறது. முதல் நாளே வந்திருந்தால் தூக்கி நீவிவிட்டிருப்பேன், சுருக்கம் இப்போது பதிந்துபோயிருக்கும் என்றார்.

நாம் எதற்கும் 'கொஞ்சம்' என்று ஒரு சொல் போட்டுத்தான் பேசுவோம். கொஞ்சம் தண்ணி குடுங்க என்றால் ஒரு செம்பு. கொஞ்சம் வாங்க என்றால் முழு ஆளும். அது அளவில்லை, மரியாதை. அதைப் போய் லிட்டில் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"எவரைனா டச் சேசாரா? ரப்?" யாராவது தொட்டார்களா, தேய்த்தார்களா என்று கேட்டுக்கொண்டே தன் கன்னத்தில் புறங்கையால் துடைத்துக் காட்டினார்.

மூலையில் நாற்காலியில் அம்மா. டாக்டரம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு.

"நான்தான். தூக்கத்தில்" என்றேன், இங்கிலீஷில்.

மதியமே மடலைத் தூக்கி, நீவி, மேலே ஒரு லென்ஸ் வைத்தார்கள். வெளியே வந்தபோது அம்மா கையில் என் செருப்பு. எதற்கு எடுத்து வைத்திருந்தாளோ.

ஜூலை 15, செவ்வாய்

லென்ஸை எடுத்தாயிற்று. புள்ளி இன்னும் இரண்டு. முன்னைவிட நெருங்கி.

மேனேஜர் மெசேஜ்: டேக் கேர், திங்கட்கிழமை கிளையன்ட் கால்.

வாசிப்பின் நடுவில் அம்மா நிறுத்தினாள்.

"ஏளா, அன்னைக்கு நான் தொடச்சேம்லா…"

"அதனால இல்லம்மா. நான்தான் தூக்கத்துல கசக்கிட்டேன்."

"தண்ணி படக் கூடாதுன்னுதான் நீ சொன்னே."

"ஆமாம்மா. சரியாத்தான் செஞ்சே."

"ம்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். ஒவ்வொரு பெயரையும் எழுத்துக்கூட்டி, திருத்தமாக வாசித்தாள். சுப்பையா வரவே இல்லை.

ஒரு தாளைப் படித்து நாலு வரி தமிழில் சொல்ல எனக்குச் சோம்பல். இவ்வளவு படித்தவள். இதை அவளிடம் சொன்னால், துடைத்ததுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சொல்லாவிட்டால் அவளாகவே நினைத்துக்கொள்கிறாள்.

ஜூலை 19, சனி

மூட்டம். ஆஸ்பத்திரியில் இரண்டரை மணி நேரம்.

இ.க. இதற்கு மேல் தேறாது. சுருக்கம் நடுவிலேயே நின்றுவிட்டது. மூன்று மாதம் கழித்து ஒரு கெட்டி லென்ஸ் போட்டுப் பார்க்கலாம், புள்ளிகள் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம். வெளியே வந்து அம்மாவிடம் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அம்மாவுக்கு நாளை ரயில். பருப்புப் பொடி அரைத்து டப்பாவில். பெட்டி கட்டியாயிற்று. காலண்டரை விட்டுவிட்டுப் போகிறாள்.

நாலு மணிச் சொட்டு. படுத்தேன். அம்மா ஊற்றினாள், கை படாமல், உயரத்திலிருந்து. மருந்து நிரம்பி வழிந்து, கன்னத்தில் இறங்கி, காதுக்குள் போனது. கண்ணைத் திறந்தேன். பக்கத்திலேயேதான் நிற்கிறாள். முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகியிருக்கிறாள்.

"தொடச்சு விடும்மா."

"நீயே தொடச்சுக்கோ ளா."