தேர் திரும்பும் வளைவு

தலவாக்கலை
19.05.2024

அன்புள்ள பிரதாப்புக்கு,

வாய்மூடி இருந்தது போதும் என்றுதான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலமா? இங்கே மூன்று நாளாக அடைமழை. தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் பாதி நாளில் திரும்பிவிடுகிறார்கள்.

தேர்ப்பாதைக்குக் கொங்கிரீட் போட நீ கொழும்பிலிருந்து அனுப்பிய சீமெந்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வேலை தொடங்குகிறது. அம்மன் கோயிலிலிருந்து மேல் லயத்து வீட்டு வரிசைகளைச் சுற்றி வளைவுவரை போடுவார்கள். தேர் அங்கேதான் திரும்பும், அதனால் பாதையும் அங்கேயே நிற்கும். அதற்குக் கீழே, கீழ் லயத்தில், நாங்கள்.

கோயில் தலைவர் நல்லமுத்துவிடம் போய்க் கேட்டேன். "சரிவுங்க சார், தேர் எறங்கினா ஏறாது" என்றார். கொழுந்து ட்ரக்டர் தினமும் ஏறுகிறதே என்றேன். "ட்ரக்டர்ல சாமியா சார் ஒக்காந்திருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பாடசாலையில் நான் அவர் பேரனுக்கு ஆசிரியன். கோயிலடியில் கீழ் லயத்தான்.

சென்ற மாதம், தேருக்கு முன்னால் தப்பு மேளம் அடிக்கும் மூக்கனின் மனைவி வீரம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. அம்புலன்ஸ் சேற்றுக்குப் பயந்து வளைவிலேயே நின்றுவிட்டது. ட்ரக்டரும் இல்லாத நேரம். கம்பளியில் கிடத்தித் தூக்கினோம். ஒரு முனை என் கையில். இரண்டு தடவை வழுக்கினோம். ஆஸ்பத்திரியில் பிள்ளையை எடுத்தபோது அதற்கு மூச்சில்லை.

இந்த வருடம் தப்படிக்காதே, அடிக்காவிட்டால் தேர் நகராது, பாதையைக் கேள் என்று மூக்கனிடம் சொன்னேன். பதறிப்போனான். "ஆத்தா நம்ம எடத்துக்கு வந்தா நமக்குத்தான் சார் தோசம். போன வருசம் வெரதத்துல கொற வச்சேன், அதான் புள்ளைய எடுத்துக்கிட்டா" என்கிறான். சேற்றை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை, பிரதாப். நல்லமுத்துவின் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இது என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

பதினாறு வயதில் நான் தேர்வடத்தைத் தொட்டபோது உன் அப்பா என் கையைத் தட்டிவிட்டார். நீ பக்கத்தில்தான் நின்றாய், பலூன் கடையைப் பார்த்துக்கொண்டு. அடுத்த வாரமே என் கணக்குக் கொப்பியைப் பார்த்து எழுதினாய். நான் எதையும் மறக்கவில்லை. மறக்கப்போவதுமில்லை. அது கிடக்கட்டும்.

சீமெந்து உன்னுடையது, உன் சொல் எடுபடும். இந்த வருடம் தேர் வளைவைத் தாண்டிக் கீழ் லயம்வரை வரவேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லிவிடு. தேர் வந்தால்தான் பாதை வரும். எனக்குப் பாதை போதும். மூக்கனுக்கு அம்மனும் வரவேண்டும். வாசலுக்கு அவள் வந்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவன் கண்ணால் பார்க்கவேண்டும்.

உன் பிள்ளைகளை அம்மன் நன்றாக வைத்திருக்கட்டும். மனதாரத்தான் சொல்கிறேன்.

பெயரெழுதத் தாளில் வைத்த பேனாவை எடுத்துவிட்டேன். நான் யாரென்று உனக்குத் தெரியும். பெயர் இருந்தால் இது வாத்தியாரின் பழைய கோபம் என்று மடித்து வைத்துவிடுவார்கள். வீரம்மாவைத் தூக்கியதைப் பற்றி எழுதியதை மட்டும் கிழித்துக் கோயில் கூட்டத்தில் வாசிக்கச் சொல், வடத்தையும் மற்றதையும் நீ வைத்துக்கொள். கையெழுத்திடாமலே தபாலில் போடுகிறேன்.