ஏழு குதிரைகளுக்கு ஆறு பெயர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? உன் பணி நிறைவு விழாவிலிருந்து சாப்பிடாமல் கிளம்பி வந்தவன், இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். காரியம் இருக்கிறது. பூங்காவில் என் ராட்டினத்தைப் புதுப்பித்துவிட்டேன். ஏழு மரக்குதிரைகளின் கழுத்துப் பட்டையிலும் பெயர் எழுத வேண்டும். "உங்க அக்காவக் கேளுங்க, டிக்ஷனரியையே கரைச்சுக் குடிச்சவங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி. இருபதாம் தேதி ஞாயிறு திறப்பு.

உன் தம்பி

மார்ச் 7

என் அருமைத் தம்பிக்கு,

உன் கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. மூன்று முறை படித்தேன்; அதற்காக மட்டும் அல்ல.

லத்தீனில் குதிரைக்கு இரண்டு சொற்கள். கவிதையில் கம்பீரமாக நிற்பது 'எக்வுஸ்'. மூட்டை சுமக்கிற குதிரையைச் சாதாரண ஜனங்கள் 'கபால்லுஸ்' என்றார்கள். எது நிலைத்தது, சொல்? ஜனங்களின் சொல்தான். ஸ்பானியத்தில் கபாயோ, போர்ச்சுகீசியத்தில் கவாலு, இத்தாலியத்தில் கவால்லோ, பிரெஞ்சில் ஷெவால், ருமேனியத்தில் கால். (ஒடிந்த காலை ஒட்டவைத்திருப்பாயே ஒரு குதிரைக்கு, அதற்கு இதை வை.) கடல் தாண்டி, மெக்சிகோவின் பூர்வகுடிகள் பேசும் நாவாட்டலுக்கும் போயிற்று. குதிரையையே பார்த்திராத அவர்கள் முதலில் மான் என்றார்களாம். பிறகு ஸ்பானியரிடமிருந்து எடுத்துக்கொண்டு, கவாயோ என்றார்கள்.

அன்று மேடையில், "தம்பி என்ன பண்றாரு டீச்சர்?" என்று மைக்கிலேயே கேட்டார்கள். "இயந்திரத் துறையில இருக்கான்" என்றேன். ராட்டினம் சுற்றுகிறான் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ இலையை விட்டு எழுந்துபோனதைப் பார்த்தேன். கபால்லுஸை மட்டமாக நினைத்த பண்டிதர்களோடு நானும் உட்கார்ந்திருந்தேன். தப்புதான்டா.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

பாடம் புரிந்தது, டீச்சர். ஆனால் கணக்கில் நீ பழையபடிதான். குதிரை ஏழு, பெயர் ஆறு! ஏழாவது பட்டை காலியாக இருக்கிறது. நீயே வந்து எழுது. "ஒரு மானும் செஞ்சுடலாமே" என்று இவள் இப்போதே ஆரம்பித்துவிட்டாள். பெயின்ட் வாசனையில் சோறே இறங்கவில்லை; சந்தோஷத்திலும்தான்.

தம்பி

மார்ச் 16

தம்பிக்கு,

ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். பெயர் எழுதுவது இருக்கட்டும், அந்த ஏழாவதில் முதலில் நான் ஏறப்போகிறேன். முட்டிக்கு இதமாக ஒரு ஸ்டூல் போட்டு வை. மெதுவாகச் சுற்று. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், எங்கே போறீங்க, யாரைப் பார்க்க என்று கேட்காமல் இருக்க வேண்டுமே என்றுதான் கவலை. கேட்டால் இறங்கும்வரை விடமாட்டேன்.

இப்படிக்கு,
ராட்டினக்காரனின் அக்கா